பக்கத்தில் பயோமாஸ் மின்நிலையமா? கருத்துக் கேட்பு பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

பினாங்கின் பெருநிலப் பகுதியில், குறிப்பாக நிபோங் திபால், ஜாவி, சுங்கை பாக்காப், வல்டோர் பக்கம் தோட்டத்தை ஒட்டியும் தாமானிலும் (வீடமைப்புப் பகுதியிலும்) குடியிருக்கும் நம்மவர்களுக்காக எழுதியது இது. செம்பனைக் கழிவை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்று வரப்போகிறது என்று பேச்சு அடிபடும். அப்புறம் ஒரு நாள் "மண்டபத்துக்கு வாருங்கள், கருத்துச் சொல்லுங்கள்" என்று ஒரு தாள் வரும். அந்தத் தாள் வருவதற்கு முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை இங்கே இருக்கின்றன. கணக்குக்கு 10 மெகாவாட் நிலையம் ஒன்றை வைத்துக்கொள்கிறேன். உங்கள் பக்கம் வருவது 5 என்றால் பாதியாக்குங்கள், 20 என்றால் இரட்டிப்பாக்குங்கள்.

இந்த மாதிரித் திட்டம் எல்லாமே கெட்டது என்று நான் நினைக்கவில்லை. நல்ல எரிபொருள், நல்ல வடிகட்டி, சரியான இடம் இருந்தால் வரட்டும். ஆனால் இந்த மூன்றும் முடிவாவதற்கு முன்பு நம்மிடம் கேட்க வேண்டும். முடிவான பிறகு கூப்பிடுவதற்குப் பெயர் அறிவிப்பு.

பயோமாஸ் என்றால் என்ன? குப்பை எரிக்கிற இடமா?

மரம், நார், ஓடு, உமி போன்ற செடிகொடிக் கழிவுதான் பயோமாஸ். அதைப் பெரிய பாய்லரில் எரித்து, நீராவி உண்டாக்கி, அந்த நீராவியால் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் எடுக்கிறார்கள். மலேசியாவில் பெரும்பாலும் செம்பனைக் கழிவுதான். பழத்தை உதிர்த்த பிறகு மிஞ்சும் வெற்றுக்குலை, அதாவது ஆலையில் தண்டான் கோசோங் என்று சொல்வது, எண்ணெய் பிழிந்த பிறகு வரும் நார், கொட்டையின் ஓடு.

வீட்டுக் குப்பை எரிக்கும் நிலையம் வேறு. அதற்குச் சட்டத்தில் கெடுபிடி அதிகம், புகையின் தன்மையும் வேறு. அதனால் முதல் கேள்வியே இதுவாக இருக்கட்டும்: "எதை எல்லாம் எரிப்பீர்கள்? பட்டியலை எழுத்தில் கொடுங்கள்." பட்டியலின் கடைசியில் "மற்றும் பொருத்தமான இதர எரிபொருள்" என்று ஒரு வரி இருந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். பசை தடவிய பலகை, பெயின்ட் அடித்த மரம், குப்பையிலிருந்து பிரித்தெடுத்த எரிபொருள் எல்லாம் அந்த ஒரு வரிக்குள் நுழைந்துவிடும்.

10 மெகாவாட்டுக்கு எவ்வளவு வெற்றுக்குலை வேண்டும்? லோரி எத்தனை ஓடும்?

கூட்டத்தில் அதிகம் பேசப்படாத, ஆனால் நம் வாசலில் தினமும் தெரியப்போகிற விஷயம் இதுதான். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எரியும் சூட்டில் ஏறத்தாழ கால் பங்குதான் மின்சாரமாகும். எனவே 10 மெகாவாட் மின்சாரத்துக்கு 40 மெகாவாட் சூடு வேண்டும். ஆலையிலிருந்து வரும் வெற்றுக்குலையில் 60 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர்தான். அதை நார்நாராகக் கிழித்து, பிழிந்து, ஈரத்தைப் பாதியளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஒழுங்காக எரியும். அப்படிப் பிழிந்ததிலும் கிலோவுக்குச் சுமார் 8 மெகாஜூல்தான் கிடைக்கும். 40 மெகாவாட் என்றால் நொடிக்கு 40 மெகாஜூல், அதற்கு நொடிக்கு 5 கிலோ எரிய வேண்டும். ஆக மணிக்கு 18 டன், ஒரு நாளைக்கு 430 டன்னுக்கும் மேல். 20 டன் லோரி என்றால் நாளுக்கு 21, 22 லோரி. வந்து திரும்புவதைச் சேர்த்தால் நாற்பதுக்கு மேல். இந்த நார் எடை குறைவு, இடம் அதிகம் அடைக்கும். லோரி நிரம்பிவிடும், 20 டன் ஏறியிருக்காது. அப்போது எண்ணிக்கை இன்னும் கூடும். சாம்பல் ஏற்றிப் போகும் லோரி தனி.

சரி, இவ்வளவு குலைக்கு எங்கே போவது? ஆலைக்கு 100 டன் பழக்குலை வந்தால் 22 டன் அளவுக்குத்தான் வெற்றுக்குலை மிஞ்சும். மணிக்கு 60 டன் அரைக்கும் பெரிய ஆலைகள் இரண்டு மூன்று, நாள் முழுக்க ஓடி, தங்கள் வெற்றுக்குலை முழுவதையும் இந்த ஒரு நிலையத்துக்கே கொடுத்தால்தான் ஈடுகட்டும். ஆலைகளோ நாரையும் ஓட்டின் ஒரு பகுதியையும் தங்கள் பாய்லருக்கே போட்டுக்கொள்கின்றன. மிச்ச ஓடு ஜப்பான் வரைக்கும் எரிபொருளாக ஏற்றுமதியாகிறது. வெற்றுக்குலையைத் தோட்டத்திலேயே மரத்தடியில் பரப்பி உரமாக்குகிறவர்களும் உண்டு. எனவே பக்கத்துத் தோட்டத்துக் கழிவில் ஓடும் என்று சொல்லப்படும் நிலையத்துக்கு, கெடாவிலிருந்தும் பேராவிலிருந்தும் லோரி வருவதற்கு எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

கேட்க வேண்டியது: எந்தெந்த ஆலையோடு ஒப்பந்தம் ஆகியிருக்கிறது, எத்தனை ஆண்டுக்கு, எந்தச் சாலை வழியாக வரும், பள்ளி விடும் நேரத்தில் ஓடுமா. சுங்கை பாக்காப்பிலும் நிபோங் திபாலிலும் பழைய பெரிய சாலை கடைத்தெருவின் நடுவே போகிறது. அதில் இந்த லோரிகளா, நெடுஞ்சாலை வழியா என்பது ஒப்புதல் நிபந்தனையாகவே எழுதப்பட வேண்டிய விஷயம்.

பசுமை மின்சாரம் என்கிறார்களே. அப்படியானால் புகை இருக்காதுதானே?

இருக்கும். "பசுமை" என்பது கரியமில வாயுவைப் பற்றிய பேச்சு: எரியும்போது வெளியாகும் கரியை அடுத்து வளரும் மரம் திரும்ப எடுத்துக்கொள்கிறது என்ற கணக்கு. நம் மூக்குக்குள் போகும் தூசுக்கும் அந்தக் கணக்குக்கும் சம்பந்தமில்லை.

பெரிய தூசை சைக்குளோன் என்னும் சுழல் பிரிப்பான் பிடித்துவிடும். பி.எம். 2.5 எனப்படும் நுண்தூசுதான் நுரையீரலின் ஆழத்துக்குப் போவது. அதைப் பிடிக்க துணிப்பை வடிகட்டியோ மின்னேற்ற வடிகட்டியோ வேண்டும். இவை விலை கூடியவை. "மல்டி சைக்குளோன் போட்டிருக்கிறோம்" என்று பெருமையாகச் சொன்னால், "அதற்கு அப்புறம் என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள்.

வெளியே விடும் புகைக்கு 2014-ஆம் ஆண்டின் சுத்தக் காற்று விதிமுறைகள் வரம்பு வைக்கின்றன. சுற்றியிருக்கும் காற்றுக்கு வேறு தரம்: நுண்தூசு 24 மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 35 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது மலேசியாவின் அளவு. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது 15. புகைக்கூண்டில் வரம்புக்குள் இருந்தாலும், ஏற்கெனவே தூசு நிறைந்த இடத்தில் அதுவும் சேர்ந்தால் மொத்தம் எங்கே போய் நிற்கும் என்பதைப் பார்க்க வேண்டும். அதனால்தான் இப்போதிருக்கும் காற்றை எங்கே, எந்த மாதத்தில், எத்தனை நாள் அளந்தார்கள் என்பது முக்கியம். மழைக்காலத்தில் நான்கைந்து நாள் அளந்துவிட்டு "காற்று நன்றாக இருக்கிறது" என்று எழுதுவது எளிது. தென்மேற்குப் பருவக் காற்றின்போது, புகைமூட்டம் வரும் மாதங்களில், நிலையத்தின் புகை எந்த வீடுகளின் பக்கம் போகும் என்ற வரைபடத்தைக் கேளுங்கள்.

2022 ஜனவரியில் புலாவ் பூரோங் குப்பைமேடு எரிந்தபோது வந்த புகையை நிபோங் திபால்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது குப்பைத் தீ, இது பாய்லர், இரண்டும் ஒன்றல்ல. ஆனால் காற்று எந்தப் பக்கம் வீசும் என்பதை இந்த ஊர்க்காரர்கள் அனுபவத்தில் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அதைக் கூட்டத்தில் சொல்வது ஒன்றும் குறைவான சாட்சி இல்லை.

நாற்றம், ஈ, சத்தம்?

குவித்து வைத்த வெற்றுக்குலை புளிக்கும், கறுப்புத் தண்ணீர் விடும், ஈ மொய்க்கும். அழுகிய குவியலில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். பக்கத்தில் தென்னை, இளம் செம்பனை வைத்திருப்பவர்களுக்கு அது தனித் தலைவலி. குவியல் உள்ளுக்குள் சூடேறித் தானாகப் புகைவதும் உண்டு. எனவே கூரை இருக்கிறதா, தரையில் சிமெண்ட் போட்டிருக்கிறார்களா, எத்தனை நாள் சரக்கை வைத்திருப்பார்கள், வழியும் தண்ணீர் எந்த வாய்க்காலுக்குப் போகிறது என்று கேளுங்கள்.

சத்தம் இரவிலும் இருக்கும், நிலையம் இரவும் பகலும் ஓடுவது. புதிதாக ஓடவிடும் நாட்களில் குழாய்களைச் சுத்தப்படுத்த நீராவியை வெளியே ஊதுவார்கள். அந்த இரைச்சல் ரொம்ப தூரம் கேட்கும். தேதியை முன்கூட்டியே ஊருக்குச் சொல்ல வேண்டும்.

தண்ணீர் எங்கிருந்து எடுப்பார்கள்?

நல்ல கேள்வி, ஏனோ யாரும் கேட்பதில்லை. குளிரூட்டும் கோபுரம் வைத்தால், 10 மெகாவாட் நிலையத்தில் ஒரு நாளைக்கு 900 கன மீட்டர் அளவுக்குத் தண்ணீர் ஆவியாகப் போகும். நம் வீட்டுப் புழக்கத்தோடு ஒப்பிட்டால் சுமார் 3,000 பேருக்கான தண்ணீர் அது. பினாங்கு பெரும்பாலும் சுங்கை மூடா ஆற்றை நம்பியிருக்கிறது. 2024 ஜனவரியில் வால்வு மாற்றுவதற்காகக் குழாய் நின்றபோது வாளியோடு அலைந்தது நினைவிருக்கும். குளிரூட்டக் காற்றையே பயன்படுத்தும் முறையும் உண்டு. செலவு கூடும், தண்ணீர் மிச்சம். எது என்று கேளுங்கள்.

நம்மைக் கேட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

ஒரே சட்டம் இல்லை. மூன்று கதவுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வேறு நேரத்தில் திறந்து மூடும்.

முதலாவது சுற்றுச்சூழல் துறை, நாம் ஜே.ஏ.எஸ். என்று சொல்வது. 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் 34ஏ பிரிவு, குறிப்பிட்ட சில வேலைகளுக்கு முன்கூட்டியே சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு, அதாவது இ.ஐ.ஏ. அறிக்கை வேண்டும் என்கிறது. எந்தெந்த வேலை என்பது 2015-ஆம் ஆண்டின் ஆணையில் இரண்டு அட்டவணைகளாக இருக்கிறது. இரண்டாம் அட்டவணையில் வருகிற திட்டமானால் அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தே ஆக வேண்டும். யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். முதல் அட்டவணை என்றால் அந்தக் கட்டாயம் இல்லை. நிலக்கரி மின்நிலையத்துக்கு அட்டவணையில் நேரடியாக இடம் இருக்கிறது. பயோமாஸ் விஷயத்தில் என்ன எரிக்கிறார்கள், கூடவே நிலத்தில் என்ன வேலை செய்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும். ஆகவே கூட்டம் வரைக்கும் காத்திருக்காமல், "இந்தத் திட்டம் எந்த அட்டவணை, இ.ஐ.ஏ. தேவையா இல்லையா" என்று மாநில ஜே.ஏ.எஸ். அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். இந்த ஒரு பதிலைப் பொறுத்துத்தான் மற்ற வேலை எல்லாம்.

இரண்டாவது நில மாற்றமும் திட்ட அனுமதியும். 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தில், அதாவது சட்டம் 172-இல், 21-ஆம் பிரிவு இருக்கிறது. உள்ளூர்த் திட்டம், அதாவது எந்த நிலம் எதற்கு என்று காட்டும் திட்டம், நடைமுறையில் இல்லாத பகுதியாக இருந்தால், பக்கத்து நில உரிமையாளர்களுக்கு மாநகர் மன்றம் கடிதம் அனுப்ப வேண்டும். கடிதம் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள் காரணத்தோடு ஆட்சேபம் எழுதலாம். கேட்டால் நேரில் விசாரணையும் உண்டு. உள்ளூர்த் திட்டம் ஏற்கெனவே அரசிதழில் வந்துவிட்ட பகுதி என்றால் கடிதம் அனுப்பும் கட்டாயமும் போய்விடுகிறது. ஏனென்றால், அந்தத் திட்டத்தின் வரைவு பார்வைக்கு வைக்கப்பட்டபோதே நாம் ஆட்சேபித்திருக்க வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு! எனவே செபராங் பிறை மாநகர் மன்றம் வரைபடம் எதையாவது மண்டபத்தில் மாட்டிக் கருத்துக் கேட்டால், அது யாருக்கோ சம்பந்தப்பட்டது என்று தாண்டிப் போகாதீர்கள். உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் செம்பனைக் காடு அந்தப் படத்தில் தொழிற்பேட்டை நிறத்தில் இருக்கிறதா என்று மட்டுமாவது பாருங்கள்.

மூன்றாவது சமூகப் பாதிப்பு மதிப்பீடு. இதை நகர, கிராமத் திட்டமிடல் துறையான பிளான்மலேசியா பார்க்கிறது. வீடு வீடாகக் கேள்வித்தாளோடு இளைஞர்கள் வருவது பெரும்பாலும் இதற்காகத்தான். "ஐயா, ஒரு சின்ன சர்வே" என்று வருவார்கள். அந்தச் சின்ன சர்வேதான் பிறகு "குடியிருப்பாளர்களில் இத்தனை விழுக்காட்டினர் ஆதரவு" என்று அறிக்கையில் ஏறும். பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள். விவரம் தெரியாமல் ஆதரவா எதிர்ப்பா என்று கேட்டால், "விவரம் கொடுக்கப்படவில்லை" என்று எழுதச் சொல்லுங்கள்.

பக்கத்து நிலம் என்றால் எவ்வளவு பக்கம்?

ரொம்பக் கிட்டம். எல்லையை ஒட்டிய நிலம். அல்லது 20 மீட்டருக்கு மேற்படாத சாலை, சந்து, வாய்க்கால் நடுவில் இருக்கும் நிலம். முட்டுச்சாலையைப் பகிர்ந்துகொள்வதானால் 200 மீட்டருக்குள் இருக்கும் நிலம். புகை 20 மீட்டரில் நின்றுவிடப் போவதில்லை, ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. சுற்றிலும் ஒரே தோட்டக் கம்பெனியின் நிலமாக இருந்தால், அந்த ஒரு கம்பெனிக்கு மட்டும் கடிதம் போய் விஷயம் முடிந்துவிடும்.

நாங்கள் தோட்டத்து லயத்தில் இருக்கிறோம். வீடும் நிலமும் எங்கள் பெயரில் இல்லை. பேச உரிமை இருக்கிறதா?

21-ஆம் பிரிவின் கடிதம் உங்களுக்கு வராது. வாடகைக்கு இருப்பவர்களுக்கும் வராது. ஆனால் வாய் மூடிக்கொள்ள வேண்டியதில்லை. இ.ஐ.ஏ. கருத்து எழுத நில உரிமை தேவையில்லை. சமூகப் பாதிப்பு ஆய்வில் தோட்டத்துக் குடியிருப்பாளர்களையும் கணக்கில் எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். மாநகர் மன்றத்துக்கும் எழுதலாம்; அங்கே அது சட்டப்படியான ஆட்சேபமாக நிற்காவிட்டாலும் கோப்பில் இருக்கும்.

19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டத்துக்காக இங்கே கொண்டுவரப்பட்டு, அப்புறம் பால்மரம், அப்புறம் செம்பனை என்று அதே மண்ணில் வாழ்ந்த குடும்பங்கள் இவை. நில உரிமையாளர் பட்டியலில் பெயர் இல்லை என்பதால் அவர்களை விட்டுவிட்டு "குடியிருப்பாளர்கள் இல்லாத பகுதி" என்று ஓர் அறிக்கை எழுதப்பட்டால், ஆட்சேபத்தின் முதல் வரியே அதுவாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கூட்டத்துக்குப் போனால் கையெழுத்து கேட்கிறார்கள். போடலாமா?

போடலாம், பார்த்துப் போடுங்கள். வருகைப் பதிவுத் தாளின் தலைப்பைப் படியுங்கள். தலைப்பு இல்லாத வெற்றுத்தாள் என்றால் வேண்டாம். தலைப்பு இருந்தாலும் பெயருக்குப் பக்கத்தில் "வருகை மட்டும்" என்று எழுதுங்கள். மலாயில் "ஹாடிர் சஹாஜா" என்றால் எல்லாருக்கும் புரியும். கைப்பேசியில் அந்தத் தாளை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுப் பொட்டலமும் பரிசுக்கூடையும் கொடுக்கும்போது இன்னொரு தாளில் கையெழுத்து வாங்கினால் அதையும் படியுங்கள்.

கூட்டத்தை வேலை நாளில் காலை 10 மணிக்கு வைக்கிறார்களே?

மாற்றச் சொல்லுங்கள். பத்து காவானிலும் பிறையிலும் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள் எப்படி வருவார்கள்? பெண்கள் வரக்கூடிய நேரம், பேருந்து இல்லாத முதியவர்களுக்கு வண்டி, தைப்பூசம் தீபாவளி ஒட்டாத தேதி, இவற்றைக் கேட்பது பிடிவாதம் ஆகாது. ஒரே கூட்டத்தில் எல்லாரும் வர முடியாது என்றால் இரண்டு கூட்டம் வைக்கட்டும்.

மொழியையும் சொல்லிவிடுங்கள். விளக்கம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும், இ.ஐ.ஏ. சுருக்கமும் அந்த இரு மொழியில்தான் வரும். தமிழில் சொல்ல ஒருவரை ஏற்பாட்டாளர் கொண்டுவர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதுங்கள். அவர் கம்பெனி ஆள் இல்லாமல் இருந்தால் நல்லது. நம் பிள்ளைகள் யாராவது மொழிபெயர்க்கலாம்தான். ஆனால் அந்தப் பிள்ளையே கேள்வி கேட்க வேண்டிய ஆளாகவும் இருக்கும்.

அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம். எதைப் படிப்பது?

சுருக்கத்தைப் படித்துவிட்டு நேராக நான்கு இடத்துக்குப் போங்கள். எரிபொருள் பட்டியலும் அது வரும் இடமும். காற்று அளந்த இடங்களின் வரைபடம், அதில் உங்கள் தாமான், தமிழ்ப்பள்ளி, கோயில், மருத்துவமனை இருக்கிறதா என்பது. போக்குவரத்துக் கணக்கு. கடைசியாக, மக்களிடம் கேட்டதாகச் சொல்லும் அத்தியாயம். யாரைக் கேட்டார்கள், எந்த நாளில், எத்தனை பேர், அதில் எத்தனை பேர் உண்மையிலேயே அருகில் இருப்பவர்கள். மற்றதைத் தெரிந்தவர்களிடம் கொடுங்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் சஹாபாட் அலாம் மலேசியா என்ற சுற்றுச்சூழல் அமைப்பும் இங்கேயே இருக்கின்றன. இந்த மாதிரி அறிக்கைகளைப் பல ஆண்டுகளாகப் படித்துக் கருத்து எழுதி வருகிறவர்கள்.

அறிக்கை ஜே.ஏ.எஸ். அலுவலகத்திலும், நூலகம், மாநகர் மன்றம் போன்ற இடங்களிலும், இணையத்திலும் பார்வைக்கு இருக்கும். கடைசித் தேதி விளம்பரத்திலேயே போட்டிருக்கும். அதைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

அரசாங்கத்திடம் ஆவணம் கேட்டு வாங்க முடியுமா?

பினாங்கில் முடியும். தகவல் சுதந்திரச் சட்டம் வைத்திருக்கும் மாநிலங்கள் இரண்டுதான்: சிலாங்கூர், பினாங்கு. இங்கே அது 2015-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நில அலுவலகம், மாநகர் மன்றம் போன்ற மாநில அமைப்புகளிடம் விண்ணப்பம் போடலாம். ஜே.ஏ.எஸ். மத்திய அரசைச் சேர்ந்தது, அதற்கு இது செல்லாது. ஆனால் நிலத்தை விவசாயத்திலிருந்து தொழிலுக்கு மாற்றுவது மாநிலத்தின் கையில் இருக்கிறது, அந்தக் கோப்புதான் நமக்கு முதலில் வேண்டியது.

ஆட்சேபக் கடிதம் எப்படி எழுதுவது? நூறு பேர் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா?

போடலாம், ஆனால் நூறு பேர் கையெழுத்திட்ட ஒரு கடிதம் பல சமயம் ஒரு ஆட்சேபமாகத்தான் எண்ணப்படும். அதைவிட இருபது பேர் தனித்தனியாக, தங்கள் சொந்தக் காரணத்தோடு எழுதியது கனமாக இருக்கும்.

"எங்களுக்கு இந்தத் திட்டம் வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் பதில் சொல்ல அதில் எதுவும் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "நான் இந்த முகவரியில் குடியிருக்கிறேன். உத்தேச இடத்திலிருந்து என் வீடு இவ்வளவு தூரம். என் மகனுக்கு ஆஸ்துமா, அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறான். அறிக்கையின் இந்தப் பக்கத்தில் காற்று அளந்த இடங்களில் எங்கள் தாமான் இல்லை. அதை அளந்து, முடிவை எங்களுக்குத் தெரிவிக்கும்வரை ஒப்புதல் வழங்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்." முகவரி, தூரம், குறை, கோரிக்கை. அவ்வளவுதான். மலாயில் எழுதினால் வேகமாக நகரும். தமிழ் மூலத்தையும் சேர்த்து வைக்கலாம். நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

கூட்டத்தில் எவ்வளவு ஆவேசமாகப் பேசினாலும், குறிப்பெடுப்பவர் எழுதியதுதான் மிஞ்சும். அதனால் பேசியதை மறுநாள் கடிதமாகவும் அனுப்புங்கள். கூட்டக் குறிப்பின் நகலையும் கேளுங்கள். இன்னொரு காரணமும் உண்டு: சட்டம் 172-இன்படி அருகிலுள்ள நில உரிமையாளர் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போக வேண்டுமானால், முதலில் ஆட்சேபம் தாக்கல் செய்தவராக இருக்க வேண்டும். முடிவு தெரிவிக்கப்பட்ட ஒரு மாதத்துக்குள் போக வேண்டும்.

ஒய்.பி.யிடம், அதாவது சட்டமன்ற உறுப்பினரிடம், சொல்லிவிட்டோம். போதாதா?

சொல்லுங்கள், தேவைதான். நில மாற்றம் மாநில ஆட்சிக்குழுவின் கையில் இருப்பதால் சட்டமன்ற உறுப்பினர் பேசினால் எடுபடும். மாநகர் மன்ற கவுன்சிலரிடமும் சொல்லுங்கள், ஆனால் அவர் நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர் இல்லை. 1965-இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டதிலிருந்து நியமனம்தான். யாரிடம் சொன்னாலும் கடித நகலோடு சொல்லுங்கள்.

கோயில் திருப்பணிக்கு நன்கொடை தருகிறோம் என்கிறார்கள்.

ஒப்புதல் கிடைக்கும் முன் வரும் நன்கொடையை வாங்காமல் இருப்பது நல்லது என்பதுதான் என் கருத்து. நிர்வாகக் குழுவுக்குள் இது சங்கடம்தான், கோபுரம் பாதியில் நிற்கும்போது இன்னும் சங்கடம். ஆனால் காசோலை கொடுக்கும் படம் அறிக்கையில் "சமூக ஆதரவு" என்று வந்து உட்கார்ந்தால், அந்தப் புகையைப் பொறுக்க முடியாத பக்தர்கள் எல்லாரும் உங்களைத்தான் கேட்பார்கள்.

வேலை கிடைக்குமா? மின்கட்டணம் குறையுமா?

கட்டணம் குறையாது. மின்சாரம் தேசிய மின்கட்டமைப்புக்கு விற்கப்படும், உங்கள் பில் வழக்கம்போல் வரும். வேலை கிடைக்கும், ஆனால் இந்த அளவு நிலையத்தில் நிரந்தர வேலை சில பத்துப் பேருக்குத்தான். அதிலும் பாய்லர் இயக்கச் சான்றிதழ் வேண்டும். "உள்ளூர் ஆட்களுக்கு முன்னுரிமை" என்று சொன்னால், நம் பிள்ளைகளில் எத்தனை பேரை அந்தச் சான்றிதழுக்குப் படிக்க வைப்பீர்கள் என்று கேளுங்கள்.

எதிர்த்து நின்று மாற்றியவர்கள் யாராவது உண்டா?

உண்டு. சிலாங்கூரில் புரோகா குப்பை எரியுலைத் திட்டத்தைக் குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் வரை கொண்டு போனார்கள். 2007-இல் அரசாங்கம் அதைக் கைவிட்டது. இங்கே பினாங்குத் தீவின் தென்கரையில் மூன்று தீவுகளை உருவாக்கும் திட்டத்துக்கு 2019-இல் இ.ஐ.ஏ. ஒப்புதல் கிடைத்தது. மீனவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். 2021 செப்டம்பரில் மேல்முறையீட்டு வாரியம் அந்த ஒப்புதலை ரத்து செய்தது. கதை அதோடு முடியவில்லை: புதிய அறிக்கைக்கு 2023-இல் ஒப்புதல் கிடைத்தது, ஆனால் மூன்று தீவு ஒன்றாகக் குறைந்தது. முழு வெற்றி என்றோ முழுத் தோல்வி என்றோ சொல்ல முடியாத முடிவு. பெரும்பாலான சண்டைகள் இப்படித்தான் முடிகின்றன.

எதிர்க்கவே வேண்டுமா? நிபந்தனையோடு ஆதரிக்கலாமா?

தாராளமாக. வெற்றுக்குலை சும்மா குவிந்து அழுகுவதும் நல்லதல்ல, அதுவும் மீத்தேன் விடும். ஆதரிப்பதானால் இவற்றை ஒப்புதல் நிபந்தனையாக எழுதச் சொல்லுங்கள்: எரிபொருள் பட்டியல் மூடியது, மாற்ற வேண்டுமானால் மறுபடி ஊரைக் கேட்க வேண்டும், துணிப்பை வடிகட்டி, புகைக்கூண்டு அளவீடு தொடர்ச்சியாக எடுக்கப்பட்டு நுழைவாயில் பலகையில் தெரிய வேண்டும், லோரிக்கு வழியும் நேரமும், கூரையுள்ள கிடங்கு. சாம்பலைப் பற்றியும் பேசுங்கள். வெற்றுக்குலைச் சாம்பலில் பொட்டாசியம் அதிகம், தோட்டத்தில் உரமாகப் போடுவது பழைய வழக்கம். வேறு சரக்கைச் சேர்த்து எரித்த சாம்பலை அப்படிப் போட முடியாது. எரிபொருள் பட்டியலை மூடச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

அரசாங்கத்தின் மின்விற்பனைத் திட்டத்தில் பயோமாஸுக்கு ஒப்பந்தக் காலம் நீண்டது. இன்று கைக்குழந்தையாக இருக்கும் பிள்ளை ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். தேர்வு எழுதும்வரை அந்த நிலையம் ஓடும். எனவே நிபந்தனை வாய்வார்த்தையாக இருக்கக் கூடாது.

ஒப்புதல் கொடுத்துக் கட்டியும் விட்டார்கள். இனி என்ன செய்ய?

ஒப்புதல் கடிதத்தின் நிபந்தனைகளைக் கேட்டு வாங்குங்கள். மீறல் தெரிந்தால் தேதி, நேரம், காற்றடித்த திசை, படம் அல்லது காணொளியோடு ஜே.ஏ.எஸ். புகார் தளத்தில் பதிந்து, புகார் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். "எப்போதும் புகை" என்ற புகாரைவிட "செவ்வாய் இரவு 11.40-க்குக் கறுப்புப் புகை, இருபது நிமிடம்" என்பதை அதிகாரி சரிபார்க்க முடியும், நிலையத்தின் பதிவேட்டில் அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று கேட்கவும் முடியும். ஒரு தெருவுக்கு ஒருவர் என்று ஐந்தாறு பேர் வாட்ஸ்அப் குழுவில் இதைக் குறித்து வந்தால் மூன்று மாதத்தில் நல்ல பதிவேடு ஒன்று சேர்ந்துவிடும். நிலையத்தாரும் குடியிருப்பாளரும் ஜே.ஏ.எஸ்.ஸும் உட்காரும் குழு ஒன்று அமைக்கச் சொல்லிக் கேளுங்கள், மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது. அந்தக் குழுவில் தோட்டத்து வீடுகளிலிருந்தும் ஒருவர் இருக்க வேண்டும்.